தமிழுக்கு எட்டாத கணிதமோ?

உயர்கணிதத்தைத் தமிழில் உரைத்தல் இயலாது என்னும் கூற்றுப் பல்கலைக்கழக மண்டபங்களில் மறுப்பாரின்றி உலவுகின்றது. உயர்தரம் வரை தமிழிற் கணிதம் பயின்ற வீரமுனை மாணவன், அடுத்த ஊராகிய சம்மாந்துறையிலுள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகப் பிரயோக விஞ்ஞான பீடத்தை அடைந்ததும், தானறிந்த தாயத்தையும் துணிகோவையையும் வாயிலிலே விட்டுச்செல்ல வேண்டியவனாகின்றான். சிங்கள மாணவரும் உடனமரும் மண்டபத்தில் ஆங்கிலம் வேண்டும். ஆய்வேடுகளும் அம்மொழியிலேயே உள. ஆயின் தமிழிற் சிந்தித்தலும் ஆகாதென்பது எவ்வகை நியாயம்?

இயலாதென்பார் கடினமான பொருளொன்றையே எடுத்துக்கொள்ளட்டும். லீ குலங்களின் பூரியே அட்சரகணிதம் அத்தகையது. 1964 இல் எய்மார் வகுத்த இது, குலமொன்றின்மீது அமைந்து தொலைவிற் பூச்சியத்தை நாடும் சார்புகள் சிலவற்றால் ஆனது. குலம் எல்லையின்றிப் பரந்ததாயின், எங்கும் 1 என்னும் மாறிலிச் சார்புக்கு இதனுள் இடமில்லை. உள்ளிருப்பனவற்றைக் கொண்டு அம்மாறிலியை அண்ணளவாக அணுகலாமா என்பதே வினா.

மெய்யெண் கோட்டில் அணுகலாம். நடுவில் 1 ஆக நின்று மெல்லச் சரிந்து மறையும் சார்பை மேன்மேலும் அகல விரித்தாற் போதும். பருமன் வரம்பு மீறாமல் இவ்வாறு அணுகுதல், இடப்பெயர்ச்சியால் மாறாத சராசரி உடைய குலங்களுக்கே கைகூடும் என 1968 இல் லெப்டின் நிறுவினார். 1994 இல் ஹாகரப்பும் கிரௌசும் மிகத் தளர்ந்த நிபந்தனையொன்றை முன்வைத்தனர். துணிகோவை 1 ஆகிய, மூன்று நிரையும் மூன்று நிரலும் கொண்ட மெய்யெண் தாயங்களின் குலம் அதனையும் நிறைவேற்றாதென 2011 இல் லபோர்க்கும் டி லா சாலும் காட்டினர்.

காரணம் மறைபொருளன்று. சுழற்சிகளால் இருபுறமும் சராசரிப்படுத்திய பெருக்கிகள் இக்குலத்திலே தொலைவில் ஓர் எல்லையை நோக்கி விரைகின்றன. அவ்விரைவைப் பெருக்கியின் பருமனே கட்டுப்படுத்துகின்றது. அட்சரகணிதத்தின் உறுப்புக்கு அவ்வெல்லை பூச்சியம், மாறிலிக்கோ 1. இடையில் நழுவ வழியின்மையால் அணுகல் பொய்க்கின்றது.

இங்கு வந்த சொற்களில் உயர்தர மாணவன் அறியாதவை எத்தனை? குலம் என்பதன் புதுப்பொருளை அவன் கற்கவேண்டும். ஆங்கிலேயனும் தன் மொழிச் சொல்லுக்கு அதே புதுப்பொருளைக் கற்றே தீரவேண்டும். மெய்யான குறை வேறிடத்தில் உளது. ஈழத்தார் தாயம் என்பதைத் தமிழகத்தார் அணி என்பர். துணிகோவை அங்கே அணிக்கோவை. இருகரைக் கணித ஆசிரியரும் கூடித் தீர்க்கவேண்டிய இதனைத் தீர்க்காது மொழியின்மீது பழிசுமத்துதல் எளிது. ஆங்கில விரிவுரை முடிந்தபின் அரைமணி நேரம் அதே தேற்றத்தைத் தமிழில் விளக்குவதற்கு எந்தச் சட்டம் தடையாகவுள்ளது?