பிஞ்சு உள்ளங்களின் பிணி தீர்ப்பார் எங்கே?

பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் தாய் பெரியாஸ்பத்திரிக்கு ஓடுகிறாள். கை முறிந்தாலும் ஓடுகிறாள். ஆனால், நேற்றுவரை துள்ளித் திரிந்த பிள்ளை திடீரெனப் பேச்சை நிறுத்திவிட்டால், பத்து வயதில் மீண்டும் பாயை நனைத்தால், பாடசாலைக்குப் புறப்படும் வேளையெல்லாம் வயிற்றுவலி என்று துடித்தால், அவள் எங்கே ஓடுவாள்? நாவூறு என்பர் சிலர்; நூல் கட்டச் சொல்வர் சிலர்; கள்ளம் என்று பிரம்பை எடுப்பவரும் உளர். அத்தாயைப் பழிப்பது எளிது. அவளுக்கு வழிகாட்ட ஆஸ்பத்திரியில் யாரை அமர்த்தியிருக்கிறோம் என்பதன்றோ கேள்வி!

சிறுவர் உளவியலாளரின் பணி யாது? மருந்து எழுதுவது அவர் தொழிலன்று. ஊசியைக் கண்டு அலறும் குழந்தையின் கையில் பொம்மையைக் கொடுத்து, முதலில் அப்பொம்மைக்கு ஊசி போடச் செய்வார். தீக்காயத்துக்கு மருந்து கட்டும் வேளையில் மூச்சை எண்ணப் பழக்குவார். நாள்தோறும் இன்சுலின் ஏற்றவேண்டிய பிள்ளை ஏன் ஒளித்துக்கொள்கிறது என்பதை அதன் வாயாலேயே சொல்ல வைப்பார். வயிற்றுவலிக்கு உடலில் காரணமில்லை என்று வைத்தியர் கைவிரித்த இடத்தில்தான் அவர் வேலை தொடங்குகிறது. அந்த வலி பொய்யன்று. அதன் வேர் வகுப்பறையிலோ வீட்டிலோ இருக்கிறது.

இவ்வுண்மையை உலகம் உணர்ந்து பல்லாண்டுகளாயின. தாயைப் பிரிந்து ஆஸ்பத்திரியில் கிடந்த இரண்டு வயதுக் குழந்தையின் துயரை 1952இல் ஜேம்ஸ் ரொபேர்ட்சன் படம்பிடித்து இங்கிலாந்துக்குக் காட்டினார். பெற்றோர் தடையின்றிப் பிள்ளையைப் பார்க்க விடவேண்டும் என்று பிளாட் குழு 1959இல் விதந்துரைத்தது. நம் தாய்மாரோ எந்தக் குழுவின் அறிக்கையையும் எதிர்பாராமல் கட்டிலருகே காத்துக் கிடப்பவர்கள். இதில் நாம் எவர்க்கும் பின்தங்கியவரல்லர்!

நமக்கு நேர்ந்தவையோ பிற நாட்டார் கண்டறியாதவை. 1987 ஒக்ரோபர் 21இல் இப் பெரியாஸ்பத்திரிக்குள்ளேயே வெடி வெடித்தது. வைத்தியரும் தாதியரும் நோயாளரும் மாண்டனர். 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமமே நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்தபோது, தாயின் சேலைத் தலைப்பைப் பற்றிக்கொண்டு நடந்த குழந்தைகள் இன்று தாமே தாய் தந்தையர். போர் நம் மனங்களில் விட்டுச்சென்ற வடுக்களைப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் 1998இலேயே நூலாக எழுதிவைத்தார். எழுதியதைப் படித்த அதிகாரிகள் எத்தனை பேரோ!

நம்மால் இயலாத காரியமா இது? இல்லை. 2004 டிசெம்பர் 26இல் கடல் பொங்கிய பின், வடமராட்சி மணற்காட்டு முகாமில் உளவடு நோய்க்குறிகள் கொண்ட 31 சிறுவருக்குப் பயிற்சி பெற்ற உள்ளூர் ஆசிரியர்களே சிகிச்சை அளித்தனர். சிலர் தம் வாழ்வைத் தொடக்கமுதல் கதையாகச் சொன்னார்கள். ஏனையோர் தியானமும் தளர்வுப் பயிற்சியும் பழகினர். ஆறே அமர்வுகள். ஆறு மாதங்களின் பின் இரு பிரிவிலும் பத்தில் ஏழெட்டுப் பேர் தேறியிருந்தனர். காலமே ஆற்றியிருக்கும் என்பாரும் உளர். அவ்வாதத்தை முற்றாகத் தள்ளிவிடவும் இயலாது. எனினும் பிள்ளைகளிடம் தமிழில் பேசி, தமிழிலேயே கேட்டு இப்பணியைச் செய்ய நம்மவரால் முடியும் என்பதை மணற்காடு காட்டிவிட்டது. நடுவே மொழிபெயர்ப்பாளரை நிறுத்திக்கொண்டு ஐந்து வயதுப் பிள்ளையின் அச்சத்தைக் கேட்டறிய எவரால் முடியும்?

உளமருத்துவர் இருக்கிறாரே என்பர். இருக்கிறார், தெல்லிப்பழையில் உளநலப் பிரிவும் உண்டு. ஆயினும் 'அங்கொடை' என்ற ஊர்ப்பெயரையே ஏச்சாக்கிவிட்ட சமூகத்தில், எந்தத் தாய் தன் பிள்ளையை அவ்வாசலுக்குத் துணிந்து அழைத்துச் செல்வாள்? காய்ச்சலுக்கு வந்த அதே சிறுவர் விடுதியில், அதே கட்டிலருகே உளவியலாளர் வந்து அமர்ந்தால் அவள் வாய் திறப்பாள்.

அரச சுகாதார சேவையில் உளவியலாளர் பதவிகள் நாடு முழுவதிலுமே மிகச் சில. திருநெல்வேலிப் பல்கலைக்கழகத்தில் உளவியல் கற்பிக்கப்படுகிறது. கற்றவர்க்கு ஆஸ்பத்திரியில் மேற்பயிற்சியும் நிரந்தரப் பதவியும் தரவேண்டியது யார்? வரவுசெலவுத் திட்ட விவாதத்தில் சுகாதார அமைச்சின் முறை வரும் நாளில், நம் பாராளுமன்ற உறுப்பினர்கள் எழுந்து அமைச்சரைக் கேட்கட்டும்: யாழ்ப்பாணச் சிறுவர் விடுதிகளுக்குத் தமிழ் பேசும் உளவியலாளர் எத்தனை பேர்? எந்த மாதம்?