எல்லாரும் வண்ணத்துப்பூச்சி ஆகத்தான் வேணுமா?

பள்ளிக்கூடம், பயிற்சிப் பட்டறை, பிறந்தநாள் வாழ்த்து எண்டு எங்க பார்த்தாலும் ஒரே அறிவுரைதான்: புழுவா இருந்தது போதும், வண்ணத்துப்பூச்சியா மாறு. மேடை ஏறக் கூச்சப்படுற பிள்ளை இன்னும் கூட்டை விட்டு வெளிய வரேல்லையாம். இந்த உவமையில எனக்கு உடன்பாடு இல்லை.

சிங்கராஜ வனத்தில் பறக்கும் இலங்கை பேர்ட்விங்கை எடுத்துக்கொள்ளுங்கள். இலங்கைக்கே உரியது, கறுப்பும் மஞ்சளுமாய் கண்ணைப் பறிக்கும். ஆனால் அந்த நிறம் எங்களுக்காகப் போட்ட அலங்காரம் இல்லை. அதன் புழு ஈஸ்வரமூலி இனக் கொடிகளைத் தின்று, அதிலுள்ள நஞ்சை உடம்பில் சேர்த்துக்கொள்கிறது. "நான் நஞ்சு, கிட்ட வராதே" எண்டு பறவைகளுக்குச் சொல்லுறதுதான் அந்த மஞ்சள்.

குச்சிப்பூச்சியிடம் பெரும்பாலும் அப்படி நஞ்சு இல்லை. அதனால் அது ஒளிக்கிறது. காற்றடித்தால் சுள்ளி மாதிரியே ஆடும். முட்டைகூட விதை மாதிரித்தான் இருக்கும். சில இனங்களின் முட்டையை எறும்புகள் விதையெண்டு நினைத்துத் தூக்கிக்கொண்டு போகும். கூட்டுப்புழுப் பருவமே இதற்குக் கிடையாது. தோலைக் கழற்றிக் கழற்றிக் கொஞ்சம் கொஞ்சமாய் வளர்கிறது. அதுவும் வளர்ச்சிதானே?

ஒன்று காட்டித் தப்புது, மற்றது மறைந்து தப்புது. இதில் எது திறம் எண்டு கேக்கிறதே பிழை.

ஆனா ஒரு சிக்கல் இருக்கு. பறவையிடமிருந்து தப்ப உதவுகிற மறைவு, மனிதரிடம் உதவாது. அவுஸ்திரேலியாவின் லோர்ட் ஹவ் தீவில் 1918இல் தரைதட்டிய கப்பலிலிருந்து எலிகள் இறங்கின. சில வருடங்களிலேயே அந்தத் தீவின் பெரிய குச்சிப்பூச்சி காணாமல் போனது. அழிந்தே போச்சுது எண்டுதான் நினைத்தார்கள். 2001இல், கடல் நடுவே நிற்கும் போல்ஸ் பிரமிட் பாறையில், ஒரு புதருக்குக் கீழே இருபது சொச்சம் பூச்சிகள் கிடைத்தன. கஷ்டப்பட்டுப் பாறை ஏறித் தேடினபடியால்தான் அந்த இனம் இண்டைக்கும் இருக்கு.

அப்ப மாற வேண்டியது குச்சிப்பூச்சி இல்லை, எங்கட பார்வை. வகுப்பில் பின்வாங்கில் பேசாமல் இருக்கிறவளை மேடைக்கு இழுக்கிறதுக்கு முதல், அவள் என்ன செய்துகொண்டிருக்கிறாள் எண்டு ஒருக்கா கிட்டப் போய்ப் பாருங்கோ. காட்டுக்குப் போனாலும் அப்படித்தான். பறக்கிறதை மட்டும் படம் எடுத்துக்கொண்டு திரும்பாமல், பக்கத்துச் சுள்ளியையும் கொஞ்ச நேரம் நின்று பாருங்கோ.