ட்விங்கிள் ட்விங்கிள் எந்த ஊர்ப் பாட்டு?

கொஞ்சம் நீளமான பதிவு. டீ குடித்துக்கொண்டே படியுங்கள்.

என்னிடம் படித்த ஒரு பெண் போன வாரம் தன் மகள் 'ட்விங்கிள் ட்விங்கிள்' பாடும் வீடியோவை அனுப்பியிருந்தாள். "சார், எல்.கே.ஜி. சேர்ந்து மூணு மாசம்தான் ஆகுது, இங்கிலீஷ் எப்படி வருது பாருங்க!" குழந்தை அழகாகப் பாடியது, சுருதி விலகவே இல்லை. போனில் கூப்பிட்டு, "ட்விங்கிள்னா என்னம்மா?" என்றேன். "ட்விங்கிள்னா ட்விங்கிள்தான் தாத்தா" என்றது. அந்தப் பதிலில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இந்தப் பாட்டை நம்பித்தான் தெருமுனையில் இருக்கும் ஒன்றியப் பள்ளியை விட்டுவிட்டு, வளையலை அடகு வைத்து, குழந்தையைப் பூந்தமல்லிக்கு வேனில் ஏற்றுகிறார்கள். என் வருத்தம் அதுதான்.

முதலில் ஒன்று. அந்த மெட்டு ஆங்கில மெட்டே இல்லை, பிரெஞ்சு மெட்டு. 1761-இல் பாரிஸில் அச்சில் வந்துவிட்டது. ஒரு பெண் தன் மனத்தில் இருப்பதை அம்மாவிடம் சொல்வதாக அதற்குச் சொற்கள் அமைந்தன. மொசார்ட் அதை எடுத்துப் பன்னிரண்டு விதமாக மாற்றி வாசித்து எழுதிவைத்தார். நட்சத்திரத்தைப் பற்றிய ஆங்கிலக் கவிதையை ஜேன் டெய்லர் என்ற பெண்மணி எழுதியது 1806-இல்; பிற்பாடுதான் இரண்டும் சேர்ந்தன. ஏ பி சி டி பாட்டும் இதே மெட்டுதான், பாடிப் பாருங்கள்.

பிரான்சில் குழந்தைகள் பாடும் வடிவம் எனக்கு மிகவும் பிடித்தது. அப்பா என்னைப் பெரியவர்கள் மாதிரி யோசிக்கச் சொல்கிறார், எனக்கு அதைவிட மிட்டாய்தான் பெரிது என்று குழந்தை சொல்வதாக வரும். நம் எல்.கே.ஜி. வகுப்புகளில் இதை எழுதி மாட்டிவைக்கலாம்!

'ஆர் யூ ஸ்லீப்பிங்' பாட்டும் அங்கிருந்து வந்ததுதான். பிரெஞ்சில் அதன் பெயர் 'ஃப்ரேர் ழாக்'. விடியற்கால மணியை அடிக்க வேண்டிய துறவி தூங்கிப்போய்விட்டார், எழுந்து மணி அடியுங்கள் என்று எழுப்புகிறார்கள். ஆங்கிலத்துக்கு வந்தபோது மணி தானாகவே அடிக்க ஆரம்பித்துவிட்டது, துறவி காணாமல் போனார். சீனாவில் அதே மெட்டில் இரண்டு புலிகள் ஓடுகின்றன. அவரவர் தங்கள் குழந்தைக்குப் புரியும் சொல்லைப் போட்டுக்கொண்டார்கள். நாம் மட்டும் ஏன் இரவல் சொல்லையும் சேர்த்துச் சுமக்க வேண்டும்?

இது நமக்குத் தெரியாத வித்தையும் இல்லை. முத்துசுவாமி தீட்சிதர் இளவயதில் இருந்தது திருவொற்றியூர் பக்கத்து மணலியில். ஆமாம், இன்று பெட்ரோலிய ஆலை இருக்கும் அதே மணலி. வெள்ளைக்காரர்களின் பேண்டு வாத்திய மெட்டுகளைக் கேட்டு, முப்பதுக்கும் மேற்பட்டவற்றுக்கு சமஸ்கிருதத்தில் தெய்வப் பாடல்கள் எழுதினார். நோட்டுஸ்வரம் என்பார்கள். 'சந்ததம் பாஹிமாம்' இங்கிலாந்து தேசிய கீதத்தின் மெட்டு. பாட்டு வகுப்பில் குழந்தைகள் சீக்கிரமே கற்கும் 'சக்தி சஹித கணபதிம்' ஒரு பிரெஞ்சு நடன மெட்டு என்று இசை ஆய்வாளர்கள் குறிப்பிடுகிறார்கள். கும்பெனி ஆட்சிக் காலத்திலேயே அவர் மெட்டை மட்டும் எடுத்துக்கொண்டார், சொல் தன்னுடையது.

பிரெஞ்சில் பாடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. புதுச்சேரியில் ஜூலை 14 அன்று கடற்கரைச் சாலைப் போர் நினைவிடத்தில் பிரெஞ்சு தேசிய கீதமும் ஜன கண மனவும் ஒலிக்கும். அங்கே நெஞ்சில் பதக்கத்தோடு நிற்கும் முதியவர்கள் பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்த தமிழர்கள். சொல்லின் பொருள் தெரிந்து நிற்கிறார்கள். மூன்றரை வயதுக் குழந்தைக்கு அந்த மரியாதையை நாம் தரவில்லை.

ஆங்கிலம் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. தாராளமாகப் படிக்கட்டும். ஆனால் ரைம்ஸ் ஒப்பிப்பது ஆங்கிலம் அல்ல. அது நல்ல காது, நல்ல ஞாபகம். அந்தக் காது ஒன்றியப் பள்ளியிலும் அப்படியேதான் இருக்கும். அந்தப் பெண்ணுக்கும் இதையே சொன்னேன். இன்றிரவு குழந்தையை மொட்டை மாடிக்குக் கூட்டிப்போய், பெங்களூர் சாலை விளக்குகள் தெரியாத பக்கமாகத் திருப்பி, ஒரு நட்சத்திரம் மினுக்குவதைக் காட்டு, 'மினுமினு' என்று சொல்லிக்கொடு, ட்விங்கிள் தானாகப் புரியும் என்றேன். "ஃபீஸ் கட்டியாச்சே சார்" என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

ஆசிரியர் பயிற்சி முடித்து வகுப்பில் நிற்கும் என் பிள்ளைகளுக்கு ஒரு வேலை. துறவி பாட்டின் தனிச்சிறப்பே ஒரு குழு முதல் அடியை முடித்ததும் அடுத்த குழு அதே அடியைத் தொடங்குவதுதான். நான் வேலையில் இருந்தபோது துறவிக்குப் பதில் தூங்குமூஞ்சித் தம்பி, மணிக்குப் பதில் சேவல் என்று மாற்றி, நாற்பது பிள்ளைகளை நாலு குழுவாகப் பிரித்துப் பாடவைப்பேன். நீங்களும் உங்கள் ஊர்ச் சொற்களைப் போட்டுச் செய்து பாருங்கள். முதல் நாள் நாலாவது குழு கட்டாயம் குழம்பும், விடாதீர்கள். மூன்றாம் நாள் பதிவுசெய்து எனக்கு அனுப்புங்கள்.