அப்பாவின் பெயரில் ஓடிய வண்டி

ஒக்கி புயல் அடித்த 2017 நவம்பர் 30 அன்று எங்கள் விளையில் நின்ற ரப்பர் மரங்களில் பாதிக்கு மேல் சாய்ந்தன. பால் வெட்ட மரம் இல்லாதவனுக்கு வண்டி எதற்கு என்று அப்பா தன் ஹீரோ ஹோண்டா ஸ்பிளெண்டரை விற்றார். 2008 மாடல், டிஎன் 75 பதிவு. 2018 ஜனவரியில் அருமனை சந்திப்பில் ஒரு டீக்கடை பெஞ்சில் 17,000 ரூபாயை எண்ணி வாங்கிக்கொண்டு, புரோக்கர் விரல் வைத்துக் காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டார். வாங்குபவர் பெயர் எழுத வேண்டிய இடம் எல்லாத் தாளிலும் காலியாகவே கிடந்தது. "பேரு நாங்க மாத்திக்கிடுவோம் மாமா, நீங்க பயப்படாண்டாம்" என்றார் புரோக்கர். ஆர்.சி. புக்கையும் கொடுத்துவிட்டு அப்பா வீட்டுக்கு நடந்து வந்தார்.

2021 மழைக்காலத்தில் தபாலில் கோர்ட் நோட்டீஸ் வந்தது. விபத்து இழப்பீட்டு வழக்கில் அப்பா எதிர்மனுதாரர். 2019 கடைசியில் அந்த ஸ்பிளெண்டர், ரோட்டோரம் நடந்துபோன ஒரு பெண்மணியை இடித்துத் தள்ளியிருக்கிறது. வலது கால் எலும்பு இரண்டு இடத்தில் முறிந்து, அவர் இன்றைக்கும் கம்பு ஊன்றித்தான் நடக்கிறார். ஓட்டியவனை அப்பா கண்ணால் பார்த்ததில்லை. வண்டி அதற்குள் நாலு கை மாறியிருந்தது. நாலு பேரில் ஒருவர்கூடப் பெயரை மாற்றவில்லை. 2018 ஆகஸ்டில் முடிந்த இன்சூரன்ஸை யாரும் புதுப்பிக்கவும் இல்லை.

எனக்கு 47 வயது. 20 வருடமாகப் பால் வெட்டுகிறேன். எங்கள் பக்கத்தில் பழைய பைக் என்பது பொழுதுபோக்குக்கு வாங்கும் பொருள் கிடையாது. விடியற்காலை மூன்று மணிக்கு நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போக வேண்டும். அந்நேரத்தில் பஸ் ஏது? புது வண்டி இறக்கப் பணம் கிடையாது. ஆகவே இந்த ஊரில் பழைய வண்டி விற்பனை நடந்துகொண்டேதான் இருக்கும், நடக்கவும் வேண்டும். நான் சொல்ல வருவது ஒன்றுதான்: பெயர் மாறாமல் முழுப் பணமும் கைமாறக் கூடாது. விற்பவர் வாங்குபவர் இருவருமே இதில் பிடிவாதமாக நிற்க வேண்டும்.

அப்பா கையெழுத்துப் போட்டதற்கு அடுத்த மாதம், 2018 பிப்ரவரி 6 அன்று, உச்ச நீதிமன்றத்தில் நவீன்குமார் எதிர் விஜயகுமார் வழக்கில் தீர்ப்பு வந்தது. எங்கள் வக்கீல் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஒருவர் 2007-ல் காரைக் கைமாற்றிவிட்டார். அது அடுத்தடுத்த ஆட்களிடம் போனது. 2009-ல் விபத்து நடந்து ஒரு குழந்தை இறந்தது. பதிவேட்டில் முதல் ஆளின் பெயரே இருந்தது. மோட்டார் வாகனச் சட்டப்படி யார் பெயரில் பதிவு இருக்கிறதோ அவரே உரிமையாளர், இழப்பீட்டுக்கு அவரே பொறுப்பு என்று நீதிபதி சந்திரசூட் எழுதினார். அடிபட்டவர்கள் ஒவ்வொரு கையாகத் தேடி அலைய முடியாது என்பது அதில் உள்ள நியாயம்.

எங்களுக்கு எதிராக நிற்கும் அந்தத் தீர்ப்பு சரியானது என்றே நினைக்கிறேன். கால் முறிந்த அந்த அம்மாள் வண்டியின் நம்பரை வைத்து ஒரு பெயரைத்தான் கண்டுபிடிக்க முடியும். நாலாவது ஆள் எந்த ஊரில் இருக்கிறான் என்று அவர் எங்கே போய் விசாரிப்பார்? முதல் தடவை கோர்ட்டில் அவரைப் பார்த்துவிட்டு வந்த அன்று அப்பா சாப்பிடவில்லை. "அவளுக்குக் கிட்டணும்டே. ஆனா நாம எங்கேருந்து குடுக்க?" என்று மட்டும் சொன்னார்.

பலர் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. வண்டியை விற்றால் விற்றவர்தான் 14 நாளுக்குள் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தகவல் தர வேண்டும் என்று சட்டத்தின் 50-ஆவது பிரிவு சொல்கிறது. வேறு மாநிலத்தில் விற்றால் 45 நாள். படிவம் 29 அதற்காகவே இருக்கிறது. வாங்கியவர் 30 நாளுக்குள் படிவம் 30-ஐக் கொடுத்துத் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். நம் ஊரில் விற்பவர், தான் கொடுக்க வேண்டிய 29-ஐயும் சேர்த்துக் கையெழுத்திட்டு வாங்குபவர் கையிலேயே கொடுத்துவிடுகிறார். அந்தத் தாள் ஆர்.சி. புக்கின் மடிப்பில் செருகப்பட்டு, வண்டியோடு சேர்ந்து ஊர் ஊராகப் போகிறது. தகவல் கொடுத்துவிட்டால் மட்டும் போதும் என்றும் நினைக்க வேண்டாம். பதிவேட்டில் பெயர் மாறினால்தான் தூங்கலாம்.

வாங்குகிறவனுக்கு இதில் நஷ்டம் இல்லையா என்றால், நிறைய உண்டு. உரிமையாளர் இறந்துபோனால் வாரிசுகளைத் தேடி ஓட வேண்டும். ஆர்.சி.யில் ஃபைனான்ஸ் கம்பெனி பெயர் இருந்தால், கடன் தீர்ந்த கடிதமும் படிவம் 35-ம் இல்லாமல் பெயர் மாறாது. வெள்ளறடை, பாறசாலை பக்கத்திலிருந்து கேரளப் பதிவு வண்டி மலிவாகக் கிடைக்கிறது என்று எடுத்து வருகிறார்கள். அதற்கு அங்கிருந்து தடையின்மைச் சான்று வாங்கி, இங்கே வரி கட்டி, மறுபதிவு செய்ய வேண்டும். அந்தச் செலவையும் கூட்டிப் பார்த்தால் மலிவு மாயமாகிவிடும்.

இந்த வருடம் என் அக்கா மகனுக்கு வண்டி பார்த்தோம். 22 வயது, பால்வெட்டுக்கு இறங்கியிருக்கிறான். முதலில் போனது மார்த்தாண்டம் பக்கம் ஒரு கன்சல்டிங்குக்கு. 2023 ஏப்ரல் 1 முதல் பழைய வண்டி வாங்கி விற்கும் கடைகளுக்குப் போக்குவரத்துத் துறையின் அங்கீகாரம் வேண்டும். அங்கீகாரம் உள்ள கடையில் வண்டியை ஒப்படைத்ததும் அந்தத் தகவல் அரசுப் பதிவில் ஏறும். அடுத்த ஆளுக்கு விற்கும்வரை பொறுப்பு கடைக்காரருடையது. அப்பா வண்டியை விற்கும்போதே இந்த விதி இருந்து, அப்படி ஒரு கடையில் விற்றிருந்தால் எங்கள் வீட்டுக்கு அந்த நோட்டீஸ் வந்திருக்காது. அங்கீகாரச் சான்றைக் காட்டச் சொன்னேன். கடைக்காரர் பேச்சை மாற்றினார். வண்டியைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் நாங்கள் திரும்பிவிட்டோம்.

பிறகு அருமனையிலேயே ஒரு வண்டி கிடைத்தது. சார்ஜாவுக்குப் போகவிருந்த ஒரு பையனுடையது. 2019 மாடல், 110 சிசி, ஒரே ஓனர். 42,000 ரூபாய் சொன்னான். காலையிலேயே போய் எஞ்சினில் கை வைத்துப் பார்த்தேன், சில்லென்று இருந்தது. முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைத்த வண்டி எப்படியும் ஸ்டார்ட் ஆகும். ஆறிக் கிடப்பது எப்படி உயிர் பிடிக்கிறது என்பதில்தான் அதன் குணம் தெரியும். சைலன்சரில் நீலப்புகை வந்தால் எஞ்சினுக்குள் ஆயில் எரிகிறது என்று அர்த்தம். அது வரவில்லை.

எங்கள் ஊர் வண்டிகளுக்கென்று ஒரு நோய் உண்டு. ஷீட் அடிக்கப் பயன்படும் ஆசிட் கேனைப் பின்னால் கட்டிக்கொண்டு போவார்கள். கொஞ்சம் கொஞ்சமாகச் சிந்தி, சீட்டுக்கு அடியில் இரும்பை அது தின்றுவிடும். மேலே பெயின்ட் பளபளவென்று இருக்கும். சீட்டைக் கழற்றி, பின் மட்கார்டு சேருமிடத்தை ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பார்த்தால் பொருபொருவென்று உதிரும். இரண்டு மழைக்காலமும் முழுசாகப் பெய்கிற ஊர் என்பதால் பெட்ரோல் டாங்கின் அடிப்பக்கத்தையும் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். தோட்டத்துச் செம்மண் செயினையும் ஸ்ப்ராக்கெட்டையும் சீக்கிரம் தேய்த்துவிடும். பல் கூர்மையாக ஒரு பக்கம் வளைந்திருந்தால் மொத்த செட்டையும் மாற்ற வேண்டும், விலையில் அதைக் கழித்துக்கொள்ளலாம்.

ஓடிய கிலோமீட்டரை மீட்டர் சொல்வதை விட பிரேக் பெடலின் தேய்மானம் நன்றாகச் சொல்லும். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் வருடம் 23-ஆவது வாரம் செய்த டயர். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, முன்சக்கரத்தைத் தூக்கி ஹாண்டில்பாரை மெல்லத் திருப்பினேன். நடுவில் ஒரு இடத்தில் சிக்கிச் சிக்கி நின்றால் கோன் செட் போயிருக்கும், அல்லது வண்டி எங்கோ மோதியிருக்கும். அதுவும் சரியாகவே இருந்தது. கடைசியில் சேசிஸ் நம்பர் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து, 17 எழுத்தையும் ஆர்.சி.யோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டேன். அக்கா மகன் பொறுமை இழந்துவிட்டான். பரவாயில்லை.

இன்சூரன்ஸில் ஒரு ஓட்டை இருந்தது. 2018 செப்டம்பருக்குப் பிறகு வாங்கிய புது பைக்குகளுக்கு மூன்றாம் நபர் காப்பீட்டை ஐந்து வருடத்துக்குச் சேர்த்தே கட்டுகிறார்கள். வருடா வருடம் புதுப்பிக்கும் பழக்கம் இல்லாததால், ஐந்து வருடம் முடிந்ததையும் மறந்துவிடுகிறார்கள். இந்தப் பையனும் மறந்திருந்தான். புதுப்பித்த பிறகுதான் வண்டி தெருவில் இறங்கும் என்று சொல்லிவிட்டேன்.

அவனும் கையெழுத்துப் போட்ட தாள்களைத்தான் நீட்டினான். "எல்லாத்துலயும் போட்டாச்சு அண்ணே, உங்களுக்கு வசதிப்பட்ட நாளு மாத்துங்க. எனக்கு அடுத்த வாரம் பிளைட்டு." அப்பாவின் கதையை அவனிடம் சொன்னேன். முகம் மாறிவிட்டது. பிளைட்டுக்கு முன்னால் ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு மூவரும் சேர்ந்து போக்குவரத்து அலுவலகத்துக்குப் போனோம். 37,000 கொடுத்து, 5,000-ஐப் பெயர் மாறும்வரை பிடித்து வைத்துக்கொண்டேன். அவன் அதற்கு மனதார ஒத்துக்கொண்டான்.

அரசிடமும் ஒன்று கேட்கிறேன். விற்பவருக்கும் வாங்குபவருக்கும் ஒரு நாள் கூலி போகிறது என்பதாலேயே பலர் இந்த வேலையைத் தள்ளிப்போடுகிறார்கள். அருமனை, குலசேகரம் போன்ற பேரூர்களில் மாதம் ஒரு நாள் மதியத்துக்கு மேல் பெயர் மாற்ற முகாம் போடலாம். மதியத்துக்குள் வெட்டும் பாலெடுப்பும் முடிந்துவிடும். இருவரும் நேரில் வந்து நிற்க, அதிகாரி முன்னிலையில் தாளை நிரப்பினால் காலி இடம் வைத்த கையெழுத்துக்கு வேலையே இருக்காது.

பையன் சார்ஜா போய்ச் சேர்ந்த பிறகுதான் பெயர் மாறிய ஆர்.சி. வந்தது. அதைப் போட்டோ எடுத்து அவனுக்கு அனுப்பிவிட்டு, 5,000 ரூபாயை அவன் அம்மா கையில் கொடுத்தேன். வீட்டில் அப்பா ஆர்.சி.யை வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பேரன் பெயரை இரண்டு தடவை வாசித்தார். பிறகு, "நம்ம கேஸ் அடுத்தது என்னைக்கு?" என்று கேட்டார். 18-ஆம் தேதி என்றேன்.