கனகாம்பரம்: விதை சிதறும் முன்...

செங்கல்பட்டுப் பக்கத்துத் தெலுங்கு வீட்டுக் கல்யாணத்தில் பூல ஜடை பார்த்திருக்கிறீர்களா? மல்லிகை வெள்ளைக்கு நடுவே கனகாம்பரம் வைத்தால்தான் அது எடுப்பு. மணமில்லாத பூதான்; ஆனால் சீக்கிரம் வாடாது, தலையில் கனக்காது. பெயர்கூட இரண்டு பாஷைக்கும் ஒன்றே!

இப்போது பலரும் 'டெல்லி' கனகாம்பரம்தான் கேட்கிறார்கள். நிறம் அழகு, மறுக்கவில்லை. ஆனால் அது விதை கட்டாது; குச்சி நட்டுத்தான் பெருக்கணும். வைத்திருக்கிற செடிகள் பட்டுப்போனால் அதோடு சரி. அதனால் பழைய நாட்டுச் செடி ஒன்றாவது வீட்டில் இருக்கட்டும் என்பேன். கதிர் பழுப்பானதும் மழைக்கு முன்பே பறித்துவிடுங்கள். ஈரம் பட்டால் காய் வெடித்து விதை சிதறிவிடும். நான் கதிரைப் பாத்திரத்தில் போட்டு, லேசாகத் தண்ணீர் தெளித்து மூடிவிடுவேன். உள்ளே பட் பட்டென்று சத்தம் கேட்கும்; விதை கைக்கு வந்தாச்சு!

மாமல்லபுரம் பக்கத்து மணல் பூமிக்காரர்கள் ஒன்று கவனிக்கணும். செடி வெளிறிக் குட்டையாக நின்றால் பிடுங்கி வேரைப் பாருங்கள். கறுத்து அழுகியிருந்தால் நூற்புழுவாக இருக்கலாம். அந்தக் குழியில் மறுபடி கனகாம்பரம் வேண்டாம். வேப்பம் பிண்ணாக்கைக் கலந்து செண்டுமல்லி போடுங்கள். அந்த வேர் இந்தப் புழுவுக்கு ஆகாது. தெலுங்குக்காரர்களுக்கு அது 'பந்தி'; சங்கராந்திக்கு வாசல் கோலத்தில் வைக்கும் கொப்பெம்மாவுக்கு அந்தப் பூவும் வேண்டுமே!