அண்ணன் பெயர்



மரித்தவரின் பெயரைப் பிறந்த குழந்தைக்கு இடும் வழக்கம் நம் இல்லங்களில் உண்டன்றோ? மலாயாவில் மருத்துவத் தாதியாயிருந்த சிபில் அம்மையாரும் அவ்வாறே செய்தார். அவர்தம் அண்ணன் மிக்கேல் ஆங்கிலேயர் படையில் சேர்ந்து, 1915-இல் கல்லிப்போலிப் போர்முனையில் உயிர்நீத்தார். 1919-இல் தமக்குத் தலைமகன் பிறந்தபோது அம்மையார் அப்பெயரையே சூட்டினார். குழந்தையோ 19 மணி நேரமே வாழ்ந்தது.

அம்மையார் 1899-இல் சுமத்திராவின் மேடான் நகரில், ஐரிஷ் இரத்தம் கலந்த யுரேசியக் குடும்பத்தில் பிறந்தவர். கணவர் டாக்டர் கார்த்திகேசு, தைப்பிங்கில் பிறந்த தமிழர். ஆதலின் அம்மையாரை நம்மவருள் ஒருவருடைய மருமகள் என்று உரிமையோடு சொல்லிக்கொள்கிறோம்!

ஈப்போவில் இருவரும் மருத்துவமனை நடத்தினர். 1941 டிசம்பரில் ஜப்பானியப் படை நெருங்கவே, அருகிலுள்ள பப்பான் என்னும் சிற்றூருக்குக் குடிபெயர்ந்தனர். அம்மையார் சீனமொழியும் சரளமாகப் பேசுவார். காடுகளில் மறைந்து போராடிய கெரில்லா வீரர்கள் இரவில் பின்வாசல் வழியே வந்தனர்; அவர்களுடைய காயங்களுக்கு அவர் மருந்திட்டார். தடைசெய்யப்பட்ட வானொலியில் லண்டன் செய்திகளையும் மறைவாகக் கேட்டுவந்தார்.

1943-இல் ஜப்பானிய இராணுவக் காவலர் அவரைச் சிறைப்பிடித்தனர். அடியும் உதையும் அவர் வாயைத் திறக்கவில்லை. ஆகவே கடைசி மகளான சிறுமி டானை மரத்தில் தொங்கவிட்டுக் கீழே நெருப்பு மூட்டினர். அப்போதும் அவர் எவரையும் காட்டிக்கொடுக்கவில்லை. சிறுமி உயிர் தப்பினாள்.

பெற்ற தாய் இவ்வாறு இருக்கலாமா எனக் கேட்போர் உளர். எம்மால் எளிதில் விடைகூற இயலவில்லை. அவர் ஒரு பெயரைச் சொல்லியிருந்தால் வேறு எத்தனை தாய்மாரின் பிள்ளைகள் மடிந்திருப்பர்! ஆயினும் அந்தக் கணத்தை எண்ணும்போதெல்லாம் எம் நெஞ்சு நடுங்குகிறது. தீர்ப்புக் கூற நாம் யார்?

1945-இல் விடுதலை வந்தது. சிகிச்சைக்காக இங்கிலாந்துக்கு விமானத்தில் அனுப்பப்பெற்றார். அங்கே ஜார்ஜ் பதக்கம் கிடைத்தது, உடல்நலமோ திரும்பவில்லை. தம் சிறைவாழ்வை அவர் எழுதிய நூல் 1954-இல்தான் வெளிவந்தது. அதற்கு முன்பே, 1948 ஜூனில், 48 வயதில் காலமானார்.

முதலில் ஸ்காட்லாந்தில் அடக்கம் செய்தனர். 1949-இல் அவருடைய உடலை ஈப்போவுக்குக் கொண்டுவந்தார்கள். அங்குள்ள கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் அவர் துயில்கொள்கிறார். அருகிலுள்ள ஆலயம் புனித மிக்கேலின் பெயர் தாங்கியது.