நாவறியாப் பூக்கள்



சென்ற ஜூன் விடுமுறையில், இலண்டனில் வாழும் என் தங்கை ஒரு சிறு புட்டியைக் கொண்டு வந்தாள். எல்டர் என்னும் மரத்தின் பூவில் செய்த சர்க்கரைப்பாகு அது. மே மாத இறுதியில் அங்கே வேலியோரங்களில் வெண்ணிறக் கொத்துகளாக அம்மரம் பூக்குமாம். அவள் பிள்ளைகள் அண்டை வீட்டு மூதாட்டியோடு கூடை எடுத்துச் சென்று பறித்து வந்து, காம்பு களைந்து, எலுமிச்சையும் சர்க்கரையும் கலந்த நீரில் ஒருநாள் ஊறவைத்து வடிகட்டினார்களாம். இலையும் தண்டும் நஞ்சு, பூவை மட்டுமே எடுக்க வேண்டும் என்று அவளுடைய ஏழு வயது மகன் எனக்கே பாடம் நடத்தினான், முழுக்க ஆங்கிலத்தில்! குளிர்ந்த நீரில் கலந்து பருகினோம். சுவை நன்றாகவே இருந்தது. ஆயினும் என் மனத்தில் ஒரு கேள்வி தைத்துவிட்டது. ஒரு பூவைப் பறிப்பதிலிருந்து பருகுவது வரை நடப்பதைத் தமிழில் சொல்லத் தெரிந்த பிள்ளை என் வகுப்பில் உண்டா?

விடுமுறைக்குப் பின் சோதித்துப் பார்த்தேன். சித்திரைப் புத்தாண்டைப் பற்றி நான் எழுதிக் கொடுத்த வாசிப்புப் பகுதியில் வேப்பம்பூப் பச்சடி வருகிறது. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் வேப்பம்பூ என்னும் சொல்லைப் பிழையின்றி எழுதினார்கள். பொருளும் சொன்னார்கள். சுவைத்தவர்கள் கை உயர்த்துங்கள் என்றேன். இருபத்திரண்டு பேரில் இருவர்.

எனக்கு அந்தச் சொல் ஏட்டில் கிடைத்ததன்று. சிறுமியாக இருந்தபோது பங்குனிக் கடைசியில் அப்பாவின் ஊருக்குச் சென்றிருந்தோம். அப்பாயி விடியுமுன் எழுப்பி, வேப்பமரத்தடியைக் கூட்டிப் பழைய சேலையை விரிக்கச் சொல்வார். வெயில் ஏறுவதற்குள் சேலை வெளுத்துவிடும். பிறகு அதை முறத்திலிட்டுப் புடைத்து, காம்பு ஆய்ந்து, மாடியில் உலர்த்துவோம். நெய்யில் வறுத்து இரசத்தில் இட்டால் முதலில் கசக்கும். அடுத்த கவளத்தை நாக்கே கேட்கும். கூட்டு, விரி, புடை, ஆய், உலர்த்து, வறு. இவற்றில் ஒன்றைக்கூட எனக்கு யாரும் சொல்வதெழுதுதலாகப் போட்டதில்லை.

இன்று என் மாணவர்களிடம் இருப்பது ஒரே ஒரு வினைச்சொல்: ‘பண்ணு’. வாஷ் பண்ணு, கட் பண்ணு, ஃபில்டர் பண்ணு, ட்ரை பண்ணு... (இந்தக் கடைசிச் சொல் உலர்த்துவதா, முயல்வதா என்று அவர்களுக்கே ஐயம்!) பெயர்ச்சொற்களை நாம் படஅட்டையைக் காட்டிக் கற்பித்துவிடலாம். வினைச்சொல் கையோடு வந்தால்தான் தங்கும். என் பணியனுபவத்தில் நான் உறுதியாக நம்பத் தொடங்கியிருப்பது இதுதான்.

“இது சிங்கப்பூர், இங்கே ஏது வேப்பமரத்தடி?” என்பீர்கள். உண்மை. சிராங்கூன் சாலைக் கடைகளில் உலர்ந்த வேப்பம்பூவும் ஆவாரம்பூவும் பொட்டலத்தில் கிடைக்கின்றன. அவற்றைக் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் இம்மண்ணில் தழைத்துப் பூக்கும் ஒன்று உண்டு: சங்குப்பூ. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கும் தொண்ணூற்றொன்பது பூக்களில் கருவிளை என வருவது இதுவே. மலாய்க்காரர்கள் ‘புங்கா தெலாங்’ என்பார்கள். கிளந்தானின் நீலச்சோறான நாசி கெராபுவும், பெரனாக்கான் வீடுகளில் காயாவுடன் உண்ணும் நீலமும் வெண்மையும் கலந்த புலுட் பலகாரமும் இப்பூவால் நிறம் பெறுபவை. எங்கள் அடுக்குமாடியில் குடியிருக்கும் மலாய்ப் பாட்டிக்கு இப்பூவைக் கொண்டு என்னவெல்லாம் செய்யலாம் என்பது தெரியும். நாமோ அதைப் பூசைத்தட்டோடு நிறுத்திவிட்டோம்.

இங்கே என் குற்றம் ஒன்றையும் ஒப்புக்கொள்கிறேன். ஒரு மாலை, பூங்கா வேலியில் படர்ந்திருந்த சங்குப்பூக்களை நான் பறித்துக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து ஒரு குரல்: “டீச்சர், அது பறிக்கக் கூடாது!” என் மாணவிதான். அவள் சொன்னது முற்றிலும் சரி. பொதுப் பூங்காவில் அனுமதியின்றிச் செடிகொடிகளைப் பறிப்பது குற்றம். 5,000 வெள்ளிவரை அபராதம் விதிக்கலாம். நெருக்கமான நகரில் ஆளுக்கொரு பூவெனப் பறித்தால் என்ன மிஞ்சும்? சட்டத்தோடு எனக்குச் சண்டையில்லை. தலைகுனிந்து வீடு சென்றேன்.

மறுவாரமே தொட்டி வாங்கினேன். விதையை ஓர் இரவு ஊறவைத்து ஊன்றினால் விரைவில் முளைக்கும். வெயில் படும் தாழ்வாரமும் பற்றிப் படரக் கயிறும் போதும். இடமில்லாதோர்க்குத் தேசியப் பூங்காக் கழகம் 2005இல் தொடங்கிய சமூகத் தோட்டத் திட்டம் இருக்கிறது. அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்களிடம் கேட்டுப் பாருங்கள். (தொட்டியின் அடித்தட்டில் நீர் தேங்க விடாதீர்கள். கொசு!)

பூத்ததும், பள்ளியில் ஒப்புதல் பெற்று, ஒரு பாடவேளையை இதற்கே ஒதுக்கினேன். பிள்ளைகள் பத்துப் பூக்களின் பச்சைப் புல்லியைக் கிள்ளி எறிந்தார்கள். நான் வெந்நீர் ஊற்றினேன். ஐந்து நிமிடத்தில் ஊதா மையைப் போல் நீலம் இறங்கியது. வடிகட்டி, தேன் கலந்து, எலுமிச்சை பிழிந்தவுடன் நீலம் செவ்வூதாவாக மாறியதே, வகுப்பே ஆர்ப்பரித்தது! பூவிலுள்ள ஆந்தோசயனின் என்னும் நிறமி புளிப்புப் பட்டால் நிறம் மாறுகிறது, அறிவியலும் ஆயிற்று. அடுத்து அதே நீரை மாவில் விட்டுப் பிசைந்து இடியாப்பம் பிழியலாம் என்றேன். ‘பிழி’ என்பது எலுமிச்சைக்கும் இடியாப்பத்துக்கும் பொது என்று ஒரு பையன் தானே கண்டுபிடித்தான். அந்த ஒரு நொடிக்காக எத்தனைப் பயிற்சித்தாள்களையும் கிழித்துப் போடுவேன்.

அடுத்த நாள் ஒரு தாயார் கேட்டார்: “இதெல்லாம் பி.எஸ்.எல்.இ. தேர்வில் வருமா?”

அவர் மீது எனக்குக் கோபமில்லை. தேர்வுக்கு அஞ்சாத பெற்றோர் இவ்வூரில் யார்? ஆனால் நானும் கேட்கிறேன். வாய்மொழித் தேர்வில் காணொளியைக் காட்டி உரையாடச் சொன்னால், இரண்டு வாக்கியத்தோடு பிள்ளை நின்றுவிடுவது ஏன்? சொல்லத் தெரியாததாலா, சொல்வதற்கு ஒன்றும் இல்லாததாலா? வீட்டில் மிகுதியாகத் தமிழ் பேசுவோர் 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 3.3 விழுக்காடு, 2020இல் 2.5. இதை வகுப்பறை மட்டும் தாங்கிப் பிடிக்க இயலாது. துணைப்பாட வகுப்புக்கு அனுப்பும் இரண்டு மணி நேரத்தில் கால் மணியை அடுப்படிக்குக் கொடுங்கள் என்பதே என் வேண்டுகோள். பாட்டி வீட்டில் இருந்தால் அவரையே ஆசிரியராக அமர்த்துங்கள், ஊதியம் கேட்கமாட்டார்.

ஆர்வத்தில் எதையும் வாயில் போட்டுவிடக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அரளி அழகானது, கொடிய நஞ்சு. கேம்பல் லேனில் மாலைக்கு விற்கும் பூக்கள் உண்பதற்காக வளர்த்தவை அல்ல. அவற்றைப் பானத்தில் இடாதீர்கள். கொசுமருந்துப் புகை அடித்த இடத்துப் பூவும் வேண்டா. பெயர் உறுதியாகத் தெரியாத பூவைப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

நிற்க. கேள்வி கேட்ட அந்தத் தாயார் சென்ற வாரம் மீண்டும் வந்தார். மகன் வீட்டில் ஓயாமல் கேட்கிறானாம். விதை எங்கே கிடைக்கும் என்றார். இந்த முறை காய்த்த நெற்றுகளை எல்லாம் உடைத்து ஒரு புட்டி நிறைய வைத்திருக்கிறேன். வேண்டுவோர் பள்ளி முடிந்ததும் ஆசிரியர் அறைக்கு வாருங்கள்.